ஷெஃபீல்டின் தரைக்கோடுகளும் நசீமின் குத்துகளும்

இங்கிலாந்தில் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை நீச்சலுக்கும் கிரிக்கெட்டுக்கும் யோசிக்காமல் அனுப்புகின்றன. பிள்ளை பாக்ஸிங் என்று வாயெடுத்தால் மட்டும் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. மூக்கு உடையும், சேர்க்கை கெடும் என்ற பயம். ஆனால் வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளை இந்த நாட்டோடு சேர்த்துவைத்த இடங்களில் குத்துச்சண்டைக் கூடம் முக்கியமானது. வடக்கு ஷெஃபீல்டில் வின்கோபாங்க் என்ற மேட்டுப் பகுதியில், ஒரு தேவாலயத்தின் பழைய கூடத்தில் நடந்த பயிற்சி அதற்கு நல்ல சாட்சி.

அதை நடத்திய பயிற்சியாளர் பிரெண்டன் இங்கிள் தானும் ஒரு புலம்பெயர்ந்தவர். டப்ளினில் பிறந்து, 1958இல் பிழைப்புத் தேடி இந்த உருக்கு நகரத்துக்கு வந்தார். 1950களிலிருந்து யேமன் நாட்டு ஆண்களும் இதே உருக்காலைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தில் வளர்ந்தார்கள். யேமனிலிருந்து வந்து கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் மகன்தான் நசீம் ஹமீது. பள்ளி வாசலில் தன்னைச் சூழ்ந்த பையன்களை ஏழு வயது நசீம் தனியாகச் சமாளித்ததைப் பேருந்திலிருந்து பார்த்ததாக இங்கிள் சொல்லிவந்தார். 1995 செப்டம்பரில் கார்டிஃபில் அப்போதைய பட்டக்காரர் ஸ்டீவ் ராபின்சனை எட்டாவது சுற்றில் மேலும் ஆட முடியாமல் செய்து நசீம் உலகப் பட்டம் வென்றபோது வயது 21.

நசீமின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதைப் பிறவி வித்தை என்றார்கள். கைகள் இடுப்பளவில் தொங்கும்; உடம்பு பின்னால் வளையும்; எந்தக் கோணத்திலிருந்து குத்து வரும் என்று சொல்லவே முடியாது. உண்மையில் அதில் பெரும்பகுதி தரையில் வரைந்த கோடுகளிலிருந்து வந்தது. இங்கிளின் கூடத்தில் வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் அந்தக் கோடுகளின் மேல் போய்வருவார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு குத்து வரிசை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கையில் ஏறிய சொற்கட்டுகளைத்தானே அந்த நேரத்துக்கு ஏற்பக் கோக்கிறார், இதுவும் அப்படித்தான்.

அடிப்படையான ஒரு நடையைப் பார்ப்போம். வலக்கைப் பழக்கமுள்ளவர் இடது காலை முன்வைத்து நிற்பார். இடக்கையால் ஜாப், அதாவது முன்கையின் வேகமான நேர்க்குத்து விட்டு, அடுத்து வலக்கை நேர்க்குத்து விடும்போது வலது காலையும் கூடவே முன்னால் கொண்டுபோய் ஊன்ற வேண்டும். இப்போது அவர் நிற்பது சவுத்பா நிலை, அதாவது இடக்கைக்காரர்கள் வலது காலை முன்வைத்து நிற்கும் நிலை. பின்னால் போன இடக்கை முழுப் பலத்தோடு புறப்படக் காத்திருக்கிறது. எதிராளி தூரத்தைக் கணக்கிடுவது பெரும்பாலும் நம் முன்காலை வைத்து. ஒரு குத்துக்குள் முன்கால் மாறிவிட்டால் அவர் கணக்கு ஓர் அடி பிசகிவிடும். நசீம் எட்டாத தூரத்திலிருந்து அடித்ததுபோல் தெரிந்ததற்கு இது பெரிய காரணம்.

பழகுபவர்கள் இங்கே தவறுவது இரண்டு இடங்களில். கால்கள் கோட்டின் மேலேயே ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடுவோம். கோட்டுக்கு இருபுறமும், தோளகலத்துக்குக் கால்கள் இருக்க வேண்டும். இன்னொன்று, கால் கடக்கும் அந்தக் கணம். இரண்டு பாதமும் அருகருகே வரும்போது உடம்புக்குப் பிடிமானமே இல்லை. அப்போது கை வெளியே நீண்டு எதிராளியை மறித்திருக்க வேண்டும். சும்மா கால் மாற்றினால் அடி வாங்குவது உறுதி.

போக்குக் காட்டுவதற்கும் இதே கணக்குதான். தோளை அசைத்து ஏமாற்ற வேண்டுமானால், அதற்கு முன் இரண்டு மூன்று முறை அதே தோள் அசைவிலிருந்து உண்மையான குத்து போயிருக்க வேண்டும். வலித்த அனுபவம் இல்லாத எதிராளி பொய்க்கு மசிய மாட்டார்.

இந்தக் கூடத்தில் மிக நல்ல பழக்கம் என்று சொல்ல வேண்டியது உடம்பு ஸ்பாரிங். ஸ்பாரிங் என்றால் இருவர் மோதிப் பழகும் பயிற்சி ஆட்டம். தலையில் அடிக்கக் கூடாது. வயிறும் விலாவும் மட்டும். அதனால் உலகப் பட்டக்காரரும் பள்ளிச் சிறுவனும் ஒரே ரிங்கில் ஏற முடிந்தது. பெரியவர் தொட்டுவிட்டு விலகுவார், சிறியவர் துரத்துவார். தலைக்கு அடி விழாது என்று தெரிந்தால் பிள்ளைகள் புதிதாக எதையும் முயல்வார்கள். பயம் இருக்கும் இடத்தில் தெரிந்த இரண்டு குத்தையே திரும்பத் திரும்ப விடுவார்கள். பையன்களை ரிங் நடுவில் நிறுத்தி மழலைப் பாட்டுப் பாடச் சொல்வதும் இங்கிளின் வழக்கமாக இருந்தது. பலர் முன் கூச்சம் விடுவதற்கான பயிற்சி அது. புது மொழியில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

இதே கூடத்தின் ஜானி நெல்சன் 1990இல் உலகப் பட்டத்துக்கான ஆட்டத்தில், சொந்த ஊரிலேயே உறைந்துபோய் நின்றார். பயிற்சி எல்லாம் இருந்தும் எதுவும் வெளியே வரவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தது, கூட்டம் கூச்சலிட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து 1999இல் பட்டம் வென்று, தோற்காமலே 2005 வரை வைத்திருந்தார்.

கற்பனை வளத்தோடு ஆடுவதற்கு விலையும் உண்டு. இங்கிளின் முதல் பெரிய மாணவர் ஹெரால் கிரஹாம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முடிந்தால் என்னை அடியுங்கள் என்று மதுக்கூடங்களில் சவால் விட்டவர். 1990 நவம்பரில் ஸ்பெயினில் ஜூலியன் ஜாக்சனை மூன்று சுற்று ஆட்டிவைத்தார். ஜாக்சனின் கண் மூடிக்கொண்டு வந்தது. நான்காவது சுற்றில் முடித்துவிடலாம் என்று கிரஹாம் நெருங்கியபோது ஒரே வலக்கைக் குத்து, ஆட்டம் முடிந்தது. விலகி ஆடுபவர் தன் தூரத்தைத் தானே கைவிடும் நேரம்தான் ஆபத்து.

நசீமை வீழ்த்தியது வேறு வகைக் கற்பனை. 2001 ஏப்ரலில் லாஸ் வேகஸில் மெக்சிகோவின் மார்கோ அந்தோனியோ பரேரா, முன்னேறி மோதும் தன் வழக்கத்தை விட்டுவிட்டு, நசீமின் இடக்கைக்கு எதிர்ப்புறமாகவே சுற்றி, ஜாபும் இடது ஹூக்குமாக (பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்து) 12 சுற்றும் பொறுமையாக ஆடினார். நசீம் பாய்ந்து தவறவிடும்போதெல்லாம் கால்கள் உடம்புக்கு அடியில் இல்லை; பரேரா அப்போதுதான் அடித்தார். பின்னால் வளைந்து தப்புவது ஒரு குத்துக்குத்தான் உதவும். எதிராளி நிறுத்தாமல் இரண்டாவதும் விட்டால் மேலும் வளைய இடமில்லை. ஒருமுறை வளைந்ததும் பக்கவாட்டில் கால் எடுத்து வைத்துவிட வேண்டும்.

பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் ஒரு மாலை கூடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் வார நாட்களில்தான் பயிற்சி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி கெடாது. இங்கிலாந்தில் பத்து வயதுக்கு முன் போட்டியில் ஏற்ற மாட்டார்கள். அதன் பிறகும் பதிவும் மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம். 4.5 மீட்டர் கைப்பட்டியும் பல் காப்பும் சொந்தமாக வாங்குங்கள். கையுறையைத் தொடக்கத்தில் கூடத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். புதிதாக வந்த பிள்ளையை முதல் வாரமே தலைக்கு அடிக்கும் ஸ்பாரிங்கில் இறக்கும் கூடம் என்றால் வேறு கூடம் தேடுங்கள். மாதக்கணக்கில் கால் வேலையே சொல்லித்தருகிறார்கள் என்று பிள்ளை அலுத்துக்கொண்டால் அங்கேயே விடுங்கள்.