பச்சை வட்டமும் வேலை செய்யாத பட்டனும்

சைட் ஸ்பீடைக் கூட்டலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தேட வேண்டியது பாஸ்வேர்டை. குமுளியில் உள்ள எங்கள் ஏலக்காய்க் கடை சைட்டின் ஹோஸ்டிங் கணக்கு (சைட்டை இணையத்தில் வைத்திருக்கும் இடத்துக்கான கணக்கு), அதைச் செய்துகொடுத்த தம்பியின் பெயரிலேயே இருந்தது. அவர் தேனியை விட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார், போன் எடுப்பதில்லை. ஹோஸ்டிங் கம்பெனியில் கேட்டால் "பதிவு செய்த மெயிலில் இருந்து எழுதுங்கள்" என்பதோடு சரி. வருஷா வருஷம் ஜிபேயில் பணம் போட்ட ஆதாரம் கையில் இருந்தது. ஆனால் போட்டது அந்தத் தம்பிக்கு, கம்பெனிக்கு இல்லையே! கடைசியில் கம்பத்தில் அவருடைய சித்தப்பாவைக் கண்டுபிடித்து, அவர் போனிலிருந்து கூப்பிட்டோம். "மறந்தே போச்சுக்கா" என்று அன்று ராத்திரியே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார். உங்கள் டொமைனும் (சைட்டின் பெயர்) ஹோஸ்டிங்கும் யாருடைய மெயில் ஐடியில் இருக்கின்றன என்று இன்றைக்கே பாருங்கள்.

படங்களைச் சுருக்கியதில் சிரமமே இல்லை. 8 மில்லிமீட்டர் ஏலக்காய் ரகத்தின் படம் கேமராவில் எடுத்தபடியே 7 எம்பி கனத்தில் கிடந்தது. 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்-பி என்ற கனம் குறைந்த பட வடிவத்துக்கு மாற்றியதும் 100 கேபி சொச்சத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம் சர்வர், அதாவது சைட் இருக்கும் கம்ப்யூட்டர். தேக்கடி பார்க்க வந்து, ஊருக்குத் திரும்பியபின் ஆர்டர் போடுகிறவர்கள்தான் எங்கள் ஆட்கள். எல்லோரும் இந்தியாவில் இருக்க, சைட் அமெரிக்காவில் இருந்தது. மும்பைக்கு மாற்றினோம். சைட் வந்தது, ஆர்டர் மெயில் நின்றுபோனது. சப்போர்ட்டில் "48 மணி நேரம் பொறுங்கள், தானே சரியாகிவிடும்" என்றார்கள். பொறுத்தும் சரியாகவில்லை. சைட் பெயருக்கு உரிய முகவரிகளைச் சொல்லும் நேம் சர்வரை மாற்றியபோது எம்எக்ஸ் ரெக்கார்டு புது இடத்துக்கு வரவே இல்லை. மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்வதே அதுதான். மாற்றும் முன்பு இந்த மாதிரி ரெக்கார்டுகள் எல்லாம் இருக்கும் பழைய டிஎன்எஸ் பக்கம் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சப்போர்ட் ஆளிடம் வாதாடுவதை விட அது லேசு.

இவ்வளவுக்குப் பிறகும் சைட் வேகத்துக்கு 100-க்கு மார்க் போடும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் மொபைல் ஸ்கோர் 60-ஐத் தாண்டவில்லை. அப்போதுதான் கோவையிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். 90-க்கு மேல் கேரண்டி, பாதிப் பணம் முன்கூட்டி. சொன்னபடியே 96 என்று பச்சை வட்டத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வீட்டுக்காரர் அதை ஸ்டேட்டஸாகவே வைத்துவிட்டார்.

ஆர்டர் மட்டும் குறைந்துகொண்டே போனது. மதுரையிலிருந்து வழக்கமாக வாங்கும் ஒரு அம்மாதான் விஷயத்தைச் சொன்னார். "வாங்குற பட்டனை அமுக்கி அமுக்கிப் பாக்குறேன், அசைய மாட்டேங்குதும்மா. கடையை மூடிட்டீங்களோன்னு நெனச்சேன்." கோவைக்காரரைக் கேட்டால், "எனக்கு இங்க நல்லாத்தான் ஓடுதுங்க அக்கா. ஸ்கோர் கேட்டீங்க, குடுத்துட்டேனுங்க."

கம்ப்யூட்டர் படிக்கும் என் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தபோதுதான் சூட்சுமம் தெரிந்தது. திரையை யாராவது தொடும்வரை பட்டன்களை வேலை செய்ய வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எதுவும் இறங்காதபடி, ஒரு பிளக்இன்னில் (சைட்டோடு சேர்க்கும் துணை மென்பொருள்) கோவைக்காரர் போட்டு வைத்திருந்தார். ஸ்கோர் போடும் ரோபோ பக்கத்தைத் திறந்து பார்க்குமே தவிர எதையும் தொடாது. வேலை குறைவாகத் தெரிய, மார்க்கை அள்ளிக் கொடுத்துவிட்டது. வாடிக்கையாளரோ வாங்குவதற்காகத் தொடுகிறார். அதன் பிறகுதான் ஸ்கிரிப்ட் இறங்கவே ஆரம்பிக்கிறது. சிக்னல் மோசமாக இருந்தால் பட்டன் அதுவரை செத்துத்தான் கிடக்கும். தொட்டால் எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது என்பதை அளக்கும் ஐஎன்பி என்ற அளவுகோலை 2024 மார்ச்சில் கூகுள் தன் முக்கிய அளவுகோல்களில் சேர்த்தது. 200 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும். ஆனால் அது நிஜ ஆட்கள் உபயோகித்த கடைசி 28 நாள் கணக்கிலிருந்து வருவது. எங்களைப் போன்ற சின்னக் கடைக்குப் போதிய தரவு இல்லை என்றுதான் காட்டும். ஆக, கோவைக்காரரின் 96-ஐப் பொய் என்று காட்ட அங்கே ஒன்றுமே இல்லை.

பொருள் பக்கம், கார்ட், பணம் கட்டும் பக்கம் மூன்றையும் அந்த ஏற்பாட்டிலிருந்து விலக்கினோம். முகப்பின் மேலே இருக்கும் பெரிய படத்துக்கும் லேஸி லோடு, அதாவது திரையில் அந்த இடம் வரும்போதுதான் படம் இறங்கும் ஏற்பாடு, போட்டு வைத்திருந்தார். கீழே இருக்கும் படங்களுக்கு அது சரி. திறந்தவுடன் தெரிய வேண்டிய படத்துக்குப் போட்டால் அது இன்னும் தாமதமாகத்தான் வரும். அதையும் எடுத்தோம். ஸ்கோர் 78-க்கு இறங்கியது, ஆர்டர் ஏறியது. மதுரை அம்மா அரைக் கிலோ ஏலமும் கால் கிலோ மிளகும் வாங்கிவிட்டு, "இப்பத் தேவலை" என்று போன் போட்டுச் சொன்னார்.

யாரிடம் வேலை கொடுத்தாலும், மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பழைய போன் ஒன்றில், வைஃபை இல்லாமல், நீங்களே ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். நாங்கள் இப்போது கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனில் நின்றுதான் பார்க்கிறோம், அங்கே டவர் ஒரு கோடுதான் காட்டும்.

ஏலக்காய் உலர்த்தும் யூடியூப் வீடியோவை மட்டும் முகப்பிலிருந்து எடுக்கவே கூடாது என்று வீட்டுக்காரர் ஒரே பிடிவாதம். சரி என்று ஒரு படத்தை மட்டும் வைத்து, தொட்டால்தான் வீடியோ இறங்கும்படி செய்திருக்கிறோம். கோவைக்காரர் மீதிப் பணம் கேட்டு இன்னும் மெசேஜ் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.