நாய்களுக்கு மசாஜ்: ஐம்பது வயதில் தொடங்கிய தொழில்

பிரித்தானியாவில் நோயுற்ற அல்லது காயமடைந்த ஒரு நாய்க்கு மசாஜ் செய்ய வேண்டுமானால், அதைப் பரிசோதித்த கால்நடை மருத்துவரின் சம்மதம் முதலில் கையில் இருக்க வேண்டும். விலங்குகளுக்குச் சிகிச்சையளிக்கும் உரிமையை 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டம் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறது; மருத்துவர் பரிசோதித்துப் பணித்தால் பிசியோதெரபி போன்ற கைவழிச் சிகிச்சைகளை மற்றவர்களும் செய்யலாம் என்கிறது 2015ஆம் ஆண்டின் விலக்கு ஆணை. நகரசபை ஒன்றின் கணக்காய்வுப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் விதிகளோடு மல்லுக்கட்டிய எனக்கு இது தடையாகத் தெரியவில்லை. எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பது எழுத்தில் இருக்கும் இடத்தில்தான் எனக்கு நிம்மதியாக வேலை செய்ய வரும்.

ஆட்குறைப்பின்போது, விரும்பி விலகுவோருக்கு ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள், பெயரைக் கொடுத்துவிட்டேன். அந்நாட்களில், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாய்களைப் பராமரிக்கும் காப்பகம் ஒன்றில், வார இறுதிகளில் அவற்றை நடத்திச் செல்லும் தொண்டு செய்துவந்தேன். இங்குள்ள பந்தயத் தடங்களில் நாய்கள் எப்போதும் இடப்பக்கமாகவே வளைந்து ஓடுகின்றன. அதனால் வளைவுகளில் வலது பின்னங்காலின் கணு மூட்டு பெரும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது, அந்த மூட்டின் சிறு எலும்புகள் முறிவது பந்தய நாய்களிடம் நன்கறியப்பட்ட காயம். ஓட்டத்தை விட்டுப் பல காலம் ஆன பின்னும் சில நாய்களின் நடையில் ஒரு பக்கச் சாய்வு எஞ்சியிருந்தது. காப்பகத்துக்கு வந்துபோன மசாஜ் சிகிச்சையாளர் ஒருவர் அந்தச் சாய்வின் மூலத்தை விரல்களால் தேடிப் பிடிப்பதைப் பார்த்தபோதுதான், இப்படியும் ஒரு தொழில் இருப்பது எனக்குத் தெரிய வந்தது.

நானும் அதைப் படிக்கப் போவதாக யாழ்ப்பாணத்தில் இருக்கும் சின்னம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, “நாய்க்குக் கால் பிடிச்சு விடத்தானோ லண்டனுக்குப் போனனீ?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் நாய் முற்றத்தில் படுக்கும், மிஞ்சிய சோற்றைத் தின்னும், படலையைக் காக்கும். அதன் இடுப்பு வலிக்குமா என்று நானும் அங்கே இருந்தவரை ஒரு நாளும் யோசித்ததில்லை.

படிப்பு எதிர்பார்த்ததைவிடக் கனமானது. ஒவ்வொரு தசையும் எந்த எலும்பில் தொடங்கி எதில் முடிகிறது என்பதை, பள்ளிப் பிள்ளையைப் போல் உருப்போட்டேன். ஆனால் அதில்தான் சுவையும் இருந்தது. தோளை மார்பெலும்போடு இணைக்கும் காறையெலும்பு மனிதருக்குள்ளதைப் போல் முழுமையாக நாய்க்குக் கிடையாது. முன்னங்கால்கள் உடம்போடு எலும்பு மூட்டால் இணையாமல், தசைகளால் மட்டுமே பிணைக்கப்பட்டிருக்கின்றன. நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 சதவீதத்தை அந்த முன்னங்கால்களே தாங்குகின்றன. பின்னங்காலில் வலி வந்துவிட்டால் எடை இன்னும் முன்னோக்கி நகர்வதால், இடுப்பு மூட்டுத் தேய்ந்த நாயின் தோளும் கழுத்தும் இறுகிப்போகின்றன. கணக்காய்விலும் நாங்கள் தேடியது இதைத்தான்: ஒரு தலைப்பில் விழும் துண்டை இன்னொரு தலைப்பிலிருந்து எடுத்து அடைத்திருப்பார்கள், சந்தேகம் வருவதோ எடுத்த இடத்தைப் பார்க்கும்போதுதான்.

அப்படி வந்தது ஒரு முதிய லாப்ரடோர். இடது பின்னங்காலை இழுத்து நடந்தது. இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் எழுதியிருந்தார். தரையில் பாயை விரித்து அமர்ந்து, கழுத்திலிருந்து வாலடிவரை உள்ளங்கையால் நீளமாக வருடிக்கொண்டு போனபோது, நாய் கண்ணை மூடிக்கொண்டது. வலது தோள்பட்டைக்குப் பின்னால் விரல் நின்ற இடத்தில் தோல் சட்டென்று துடித்தது. நாய் உதட்டை நக்கியது, தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தது. அது குரைப்பதற்கும் கடிப்பதற்கும் வெகுமுன்னரே சொல்லும் வார்த்தை. கையை எடுத்துவிட்டேன். அது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து, தானாகத் திரும்பி வந்து மறுபக்கத்தைக் காட்டிப் படுத்தது. வேலையின் பெரும்பகுதி இப்படித்தான்: அழுத்துவது சொற்பம், காத்திருப்பது அதிகம்.

அந்த லாப்ரடோரின் வீட்டுக் கூடம் முழுவதும் வழுக்கும் பலகைத் தரை. ஒவ்வொரு முறை எழும்போதும் அதன் பின்னங்கால்கள் விலகி வழுக்கின. நாய் நடக்கும் வழியெங்கும் வழுக்காத விரிப்புப் போடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், எடையைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள் என்று சொன்னேன். உண்மையில் என் விரல்களைவிட அந்த விரிப்புகளே அதற்கு அதிகம் உதவியிருக்கும் என்பது என் கணிப்பு. தேய்ந்த மூட்டை மசாஜ் புதுப்பிக்காது. இறுகிய தசையைத் தளர்த்தும், நாயைச் சற்றுச் சுகமாகத் தூங்க வைக்கும். அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

தொடாமல் திருப்பி அனுப்புவதும் இந்த வேலையில் அடங்கும். காய்ச்சல், தொற்று, ஆறாத காயம், புதிய எலும்பு முறிவு ஆகியவை இருந்தால் கை வைக்கக்கூடாது. நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட டாக்ஸ்ஹுண்ட் நாய்களுக்கு முதுகெலும்பு வட்டு பிதுங்கும் ஆபத்து இனவழியாகவே உண்டு. “நேற்றிலிருந்து பின்னங்கால் தள்ளாடுகிறது, கொஞ்சம் நீவிவிட முடியுமா?” என்று ஒரு பெண் தொலைபேசியில் கேட்டபோது, சந்திப்பு நேரம் எதையும் கொடுக்காமல், நாயை அசைக்காது தூக்கிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். அவருக்கு என்மேல் கோபம்.

வருமானம் பழைய சம்பளத்தின் பாதியைத் தொடுவதில்லை. காப்புறுதிக்கும் பெட்ரோலுக்கும் கொடுத்தது போகத்தான் மிச்சம். நாள் முழுவதும் தரையில் குனிந்திருப்பதால் என் முதுகுக்கும் ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. குளிரில் முதிய நாய்களின் விறைப்புக் கூடுவதால் நாட்குறிப்பு நிரம்பிவிடும். கோடையில் உரிமையாளர்கள் விடுமுறைக்குப் போய்விடுவார்கள்; அந்த மாதங்களில், தெரிந்த கடைக்காரர் சிலருக்குக் கணக்கெழுதிக் கொடுத்து வீட்டு வாடகையைக் கட்டுகிறேன்.