பிரான்சினா குதிக்கவில்லை

புதிய நாவல் அச்சுக்குப் போய்விட்டது. "அடுத்தது எப்போது?" என்று சந்தையிலும் கோயில் வாசலிலும் மறித்துக் கேட்டவர்களுக்கு முதலில் இந்தச் செய்தி. இந்தமுறை கதை நடப்பது 1687இல், நம்முடைய கோணேசர் மலையில். இவ்வளவு காலம் இழுத்ததற்குக் காரணம், கதையில் சாக வேண்டிய பெண் நிஜத்தில் சாகவில்லை என்று தெரியவந்ததுதான்.

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குப் பிரான்சினா வான் ரீட் கதை தெரிந்திருக்கும். காதலித்த ஒல்லாந்த அதிகாரி கைவிட்டுக் கப்பலேறிப் போக, அவள் மலையுச்சியிலிருந்து கடலில் குதித்தாள். அவள் நினைவாக அங்கே ஒரு தூண் நிற்கிறது. வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறோம். துப்பறியும் கதை எழுதுகிற ஒருவருக்கு இதைவிட என்ன வேண்டும்? குதித்தாளா, யாராவது தள்ளினார்களா என்ற கேள்வியை வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

கதையில் ஒரு கல் வந்தால் அந்தக் கல்லைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கொள்கை. பிரட்ரிக் கோட்டை வாசலில் இரட்டை மீன் சின்னத்தையும் தமிழ்க் கல்வெட்டையும் கடந்து, மான்கள் குறுக்கே நடக்கிற அந்தப் பாதையில் ஏறினேன். தூணில் எழுத்தை இன்று வாசிப்பது கடினம். ஆனால் இலங்கை சிவில் சேவையில் இருந்த ஜே. பி. லூயிஸ் என்பவர் நாடு முழுவதும் உள்ள கல்லறை, நினைவுக்கல் எழுத்துகளைத் திரட்டி 1913இல் ஒரு பட்டியலாக வெளியிட்டார். அதைத் தேடிப் பிடித்தேன். கல்லில் இருந்தது அவள் பெயர், குடும்பப் பட்டம், 1687 ஏப்ரல் 24 என்ற தேதி, அவ்வளவுதான். காதலனும் இல்லை, கடலும் இல்லை.

சரி, அப்பா யார் என்று போனேன். அங்கேதான் கதை புரண்டது. ஹென்றிக் வான் ரீட் சாதாரண ஆள் இல்லை. மலபாரில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்தவர். கேரளத்து மூலிகைகளை இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்களின் உதவியோடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' அவருடைய முயற்சிதான். பிறகு கம்பெனியின் நிலையங்களில் ஊழலை விசாரிக்க ஆணையாளராக அனுப்பப்பட்டார். 1691 டிசம்பரில் சூரத்துக்குப் போகும் வழியில் கடலில் இறந்தார். அந்தக் காலத்தில் அவரோடு இருந்தவள் பிரான்சினா! தூணில் உள்ள தேதிக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தாள், பின்னால் கல்யாணமும் செய்துகொண்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுதிய அத்தியாயங்கள் போனதே என்ற வருத்தத்தால் இல்லை, சந்தோஷத்தால்தான். உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு அந்த உச்சியில் தூண் நட்டது யார், எதற்கு? குதித்தாளா தள்ளினார்களா என்பதைவிட இது எத்தனையோ மடங்கு நல்ல மர்மம். அப்பாவோ ஊழல் விசாரணைக்காரர், எதிரிகளுக்குப் பஞ்சமில்லை. நாவல் அந்த இடத்தில்தான் உண்மையில் பிறந்தது.

அப்புறம் காலத்தின் விபரங்களைத் தேடி இரவு மெயில் ரயிலில் கொழும்புக்குப் போனேன். தேசிய சுவடிகள் கூடத் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத்து ஏடுகள் 7000 வரை இருக்கின்றன. அங்கே உட்காரப் பொறுமை வேண்டும்: அடையாள அட்டை, விண்ணப்பம், துண்டுச் சீட்டில் இலக்கம் எழுதிக் கொடுத்துக் காத்திருப்பது. பேனா வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள். ஒரு பக்கத்தை மறக்க மாட்டேன். மை தாளை அரித்து மறுபுறம் ஊறியிருந்தது. சில எழுத்துகள் இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை. பிரான்சினாவின் பெயரை நான் அங்கே காணவில்லை. ஆனால் ஒரு கோட்டையில் யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள், என்ன பொருள் வந்தது, எதற்குச் சண்டை பிடித்தார்கள் என்ற அந்த நடமாட்டம் முழுக்கக் கிடைத்தது. அதை நூலில் பார்ப்பீர்கள்.

கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: நெதர்லாந்தில் ஹேக் நகரத்துச் சுவடிக் கூடத்தில் உள்ள கம்பெனிப் பதிவுகளில் சுமார் 50 இலட்சம் பக்கங்களைக் கணினி கொண்டு வாசித்துத் தேடக்கூடியதாக மாற்றும் 'குளோபலைஸ்' என்ற திட்டம் நடக்கிறது. உவர்மலையில் வீட்டில் இருந்தபடியே தேடலாம். ஊர்ப் பெயரை அவர்கள் ஒரே மாதிரி எழுதவில்லை, 'திரிங்கோனொமாலே', 'திரிங்கெனெமாலே' என்று பல விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எழுதி முடித்த பிறகு நடந்த அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு நூலுக்கும் தனியாகக் கொடுக்கிற ஐ.எஸ்.பி.என். இலக்கத்துக்குத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பித்தோம். எங்களுக்கு 978-624 தொடரில் வந்தது. தாள் விலையில் அச்சகத்தோடு இழுபறிப்பட்டோம். அட்டையில் பெண் குதிக்கிற படம் போட வேண்டும் என்று ஓவியர் தம்பி அடம்பிடித்தார். விட்டுக்கொடுக்கவில்லை; தூண் மட்டும்தான் இருக்கும்.

வெளியீடு திருகோணமலையில்தான், தேதி விரைவில். அடுத்த நாவலுக்கு 1942க்கு வருகிறேன். ஏப்ரல் 9ஆம் தேதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அன்றுதான் மட்டக்களப்புக் கடலில் ஆங்கிலேயரின் விமானந்தாங்கிக் கப்பல் 'ஹெர்மிஸ்' மூழ்கியது. அன்று இங்கே குண்டு விழுந்த 'சகாயிங்' கப்பலைக் கடற்படை 2018இல் மேலே எடுத்தது பலருக்கு நினைவிருக்கும். ஆங்கிலேயர் எழுதிய அறிக்கைகள் நிறையக் கிடைக்கின்றன. நம் சனங்கள் எந்த வழியால் ஓடினார்கள், யார் வீட்டில் தங்கினார்கள், எப்போது திரும்பி வந்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். அம்மம்மா, அப்பப்பா சொல்லக் கேட்டது ஏதாவது இருந்தால், இடத்தின் பெயரோடு எழுதி வையுங்கள். வெளியீட்டன்று வரும்போது கையோடு கொண்டுவாருங்கள்.