என் ஓட்டை நான் தனியாகப் போட வேண்டும்

துணைக்கு ஓர் ஆள் வந்தால் பார்வையில்லாதவர்களும் ஓட்டுப் போட்டுவிடலாமே, அப்புறம் என்ன குறை என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். எனக்குப் பார்வை கிடையாது. ஓட்டுப் போடுவது வேறு, யாருக்கும் தெரியாமல் ஓட்டுப் போடுவது வேறு என்பதுதான் என் பதில். மற்றவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்போது, நான் மட்டும் ஏன் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்?

என்னோடு வழக்கமாக வருவது என் தம்பி. அவன்மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் அவனுக்குப் பிடிக்காத ஒரு வேட்பாளருக்கு நான் போட நினைத்தால், அந்தப் பெயரை அவனிடமே சொல்லியாக வேண்டும். கணவரைத் துணைக்கு அழைத்துப் போகிற பெண்ணையும், மகன் சம்பாத்தியத்தில் காலம் தள்ளுகிற பெரியவரையும் நினைத்துப் பாருங்கள். அவர்கள் உள்ளே போய் யார் பெயரைச் சொல்வார்கள்? துணைக்கு வருபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும், அன்றைக்கு வேறு யாருக்கும் துணை போயிருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தேர்தல் நடத்தை விதிகளில் 49N என்ற விதி. தேவையான விதிதான். அது என் ஓட்டை வெளி ஆட்களிடமிருந்து காக்கும். கூடவே நிற்பவரிடமிருந்து எப்படிக் காக்கும்?

ஒருமுறை அலுவலர் ஒருவர் தம்பியிடம், "இவருக்குக் கையெழுத்துப் போட வருமா?" என்று கேட்டார். நான் பக்கத்திலேயேதான் நிற்கிறேன். "வரும் சார், என்னிடமே கேளுங்கள்" என்றேன். அவர் கெட்டவர் இல்லை. துணைக்கு வந்தவரிடம் பேசினால் போதும் என்று பழகிவிட்டார். அதன் பிறகு பேனாவை என் கையில் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தும் காட்டினார்.

இந்திய வாக்குப்பதிவு இயந்திரத்தில் பொத்தானுக்குப் பக்கத்தில் பிரெயில் எண், அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தில் எண், இருக்கிறது. வேட்பாளர் பட்டியலைத் தனியாகப் பிரெயில் தாளில் தருவார்கள். தாளில் பெயரைத் தடவிப் படித்து, எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, இயந்திரத்தில் அந்த எண்ணைத் தேடி அழுத்த வேண்டும். பிரெயில் தெரிந்தவருக்கு இது பெரிய விஷயம். யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. ஆனால் நடுவயதில் பார்வை போனவர்கள் பலருக்குப் பிரெயில் தெரியாது. அழுத்தியதும் நீளமாக ஒரு பீப் சத்தம் கேட்கும். ஓட்டு விழுந்தது என்று அது சொல்கிறது, யாருக்கு விழுந்தது என்று சொல்வதில்லை. யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் அச்சிட்டுக் காட்டுவது விவிபாட் பெட்டி. அதன் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிகிற அந்தச் சீட்டு பார்வையுள்ளவர் சரிபார்ப்பதற்கு. அந்த 7 விநாடியும் எனக்கு வெறும் காத்திருப்புதான். அந்தப் பெயரை என் காதில் மட்டும் சொல்ல ஒரு ஹெட்போன் வேண்டும் என்று கேட்பது அதிகமா?

மற்ற நாடுகளிலும் இதற்காகப் போராடித்தான் ஆக வேண்டியிருந்தது. பிரிட்டனில் வாக்குச்சீட்டின் மேல் வைக்க ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தார்கள். எந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும் என்று அதைத் தடவிக் கண்டுபிடிக்கலாம். அந்தக் கட்டம் யாருடையது என்பதை மட்டும் வேறு ஒருவர்தான் சொல்ல வேண்டும். பார்வையில்லாத ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். யாருக்குப் போடுகிறோம் என்று தெரியாமல் குறியிட வைப்பது தேர்தலையே கேலிக்கூத்தாக்குவது என்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆஸ்திரேலியாவில் நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தொலைபேசியில் ஓட்டுப் போடலாம். முதலில் பதிவு செய்து ஓர் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு பெயர் சொல்லாமல் அந்த எண்ணை வைத்தே ஓட்டு. ஓர் ஊழியர் சீட்டில் குறிக்க, இன்னொருவர் சரிபார்ப்பார். ஓட்டைக் கேட்பவருக்கு ஆள் தெரியாது என்பதால் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் மாற்றுத்திறனாளிகள் பிறர் உதவியின்றி ரகசியமாக வாக்களிக்க ஓர் இயந்திரமாவது இருக்க வேண்டும் என்றது.

பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருப்பது பார்வையில்லாதவர்கள் மட்டும் இல்லை. வாக்குச்சாவடி வாசலில் வைக்கும் சாய்தளம் பற்றியும் ஒன்று. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிடச் செங்குத்தாகப் பலகை சாய்த்து வைத்தால், சக்கர நாற்காலியில் வருபவர் கடைசியில் நான்கு பேர் கையில்தான் உள்ளே போவார்.

ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு, உதவியாளரை மாற்றுத்திறனாளியே தேர்ந்தெடுக்கலாம், அதுவும் அவர் கேட்டால் மட்டுமே என்கிறது. அந்த "கேட்டால்" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே "கூட யாரும் வரவில்லையா?" என்று கேட்காமல், "தனியாகப் போடுகிறீர்களா, துணை வேண்டுமா?" என்று கேட்கும்படி தேர்தல் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

அதுவரை யாருக்காவது துணையாகப் போகிறீர்கள் என்றால், பட்டியலை முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை அதே வரிசையில், ஒரே குரலில் படியுங்கள். "வழக்கமா போடறதுதானே?" என்று கேட்காதீர்கள். சீட்டில் என்ன பெயர் வந்தது என்று மெதுவாகச் சொல்லுங்கள். வெளியே வந்தபின் அதைப் பற்றி அவரிடம்கூடப் பேச வேண்டாம்.