பீன்யா கோட்டிங் ரூமும் பௌர்ணமி நிலாவும்

கண்ணாடிக்கு மிரர் கோட்டிங் போடுறதுதான் என் வேலை. வீட்டுல முகம் பாக்குற கண்ணாடி இல்ல, டெலஸ்கோப், லேசர் மெஷின், காலேஜ் லேப் கருவிங்க, இதுக்குள்ள போற கண்ணாடிங்க. பெங்களூரு பீன்யால ஒரு சின்ன யூனிட், தமிழ், கன்னடம், ஒடியா எல்லாம் கலந்து பேசுவோம். போன மாசம் சபையில வாலிபர் கூட்டத்துல உங்க வேலை மூலமா தேவன் என்ன கத்துக்குடுத்தாருன்னு ஒவ்வொருத்தரா சொல்லச் சொன்னாங்க, எனக்கு குடுத்த நேரத்துல அலுமினியம்னா என்னன்னு சொல்றதுக்குள்ளயே அடுத்தவங்க முறை வந்துடுச்சு, அதான் இங்க நிதானமா எழுதுறேன்.

வெறும் கண்ணாடி மேல வெளிச்சம் பட்டா மேல்பக்கத்துல 4 சதவீதம் போலத்தான் திரும்பும், மிச்சம் உள்ள பூந்து போயிடும். அதே கண்ணாடிய சேம்பர்ல வச்சு மூடி, உள்ள இருக்குற காத்த பம்ப் போட்டு உறிஞ்சி, வெளிய இருக்குற அழுத்தத்துல பத்து கோடியில ஒரு பங்குக்கு இறக்கி, அப்புறம் டங்ஸ்டன் சுருள்ல மாட்டி வச்ச அலுமினியத் துண்டுகளுக்கு கரண்ட் ஏத்துவோம். சேம்பர்ல ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அது வழியா பாத்தா சுருள் செவந்து, வெள்ளையாகி, அலுமினியம் உருகி கம்பியோட ஒட்டி மினுக்கும், அப்புறம் ஆவியாகி நேரா போய் கண்ணாடியில உக்காரும். அவ்ளோதான், முன்னாடி 4 சதவீதம் திருப்புன கண்ணாடி இப்ப 90 சதவீதம் பக்கம் திருப்பும். போட்ட படலம் 100 நானோமீட்டர், நம்ம தலைமுடி தடிமன்ல ஐநூறுல ஒரு பங்கு, ஆயிரத்துல ஒரு பங்குன்னு வரும்.

இத பெரிய கண்ணாடிக்கு கணக்கு போட்டுப் பாத்தா இன்னும் ஆச்சரியம். ஜவ்வாது மலையில காவலூர்ல இருக்குற வைணு பாப்பு டெலஸ்கோப்போட மிரர் 2.34 மீட்டர் அகலம், அத நடத்துற இந்திய வானியற்பியல் நிறுவனம் இங்க கோரமங்கலாலதான் இருக்கு. அந்த அளவு கண்ணாடி மேல 100 நானோமீட்டர் அலுமினியம் போட்டா மொத்தமே ஒரு கிராம் சொச்சம்தான் வருது. டன் கணக்குல கண்ணாடி, அத தாங்க இரும்பு, சுத்த மோட்டார், மேல கோபுரம், இத்தனையும் அந்த ஒரு கிராம் அலுமினியத்த சரியான வளைவுல, சரியான திசையில பிடிச்சு வைக்கத்தான். நட்சத்திரத்து வெளிச்சத்த திருப்பி அனுப்புறது அந்த ஒரு கிராம்தான், அந்த ஒரு கிராமுக்கும் சொந்தமா வெளிச்சம் கிடையாது.

"நீங்கள் உலகத்துக்கு வெளிச்சமாயிருக்கிறீர்கள்"னு மத்தேயு 5-ல ஆண்டவர் சொன்னத சின்ன வயசுல இருந்து எத்தனையோ பிரசங்கத்துல கேட்டிருக்கேன், கேக்குறப்பல்லாம் ஒரு பாரம்தான் வரும், நான் எங்க இருந்து வெளிச்சத்துக்குப் போறதுன்னு. அதே ஆண்டவர் யோவான் 8-ல நானே உலகத்துக்கு ஒளின்னு சொல்றாரு. ரெண்டையும் சேத்துப் படிச்சாத்தான் மூச்சு விட முடியுது. யோவான் ஸ்நானகன பத்தி "அவன் அந்த ஒளியல்ல"ன்னு முதல் அதிகாரத்துலயே அடிச்சு எழுதிட்டு, அந்த ஒளிய பத்தி சாட்சி குடுக்க வந்தவன்னு சொல்லுது. பவுல் 2 கொரிந்தியர் 3-ல கண்ணாடியவே எடுத்துக்குறாரு, கர்த்தரோட மகிமைய கண்ணாடியில காண்கிறதுபோல கண்டு அந்த சாயலாவே மாறுறோம்னு. அவர் காலத்து கண்ணாடி பெரும்பாலும் தேச்சு மெருகேத்துன வெண்கலம், கொரிந்துல செஞ்ச வெண்கலத்துக்கு அப்ப நல்ல பேரு. படிச்சவங்களுக்கு உடனே புரிஞ்சிருக்கும், தேய்க்காம விட்டா மங்கிடும்னு.

நிலா விஷயத்துக்கு வர்றேன். ஆதியாகமத்துல பகலை ஆள பெரிய சுடர், இரவை ஆள சிறிய சுடர். அந்த சிறிய சுடர் உண்மையில கறுப்பு. அதுமேல விழுற சூரிய வெளிச்சத்துல 12 சதவீதம் போலத்தான் திருப்புது, பழைய தார் ரோடு எவ்ளோ திருப்புமோ கிட்டத்தட்ட அவ்ளோதான். நாங்க கோட்டிங் போட்டு 12 சதவீதம் வந்துச்சுன்னா அந்த பேட்ச்ச அப்படியே ரிஜெக்ட் பண்ணுவாங்க. ஆனா அந்த 12 சதவீதத்த வச்சுத்தான் பௌர்ணமி அன்னைக்கு வயல்ல வரப்பு தெரியுது, கரண்ட் போன தெருவுல ஆள் முகம் தெரியுது. 4-ஆம் நூற்றாண்டுல மிலான் பிஷப்பா இருந்த அம்புரோஸ், திருச்சபைய நிலாவோட ஒப்பிட்டு எழுதினாரு, அதுக்கு சொந்த வெளிச்சம் இல்ல, கிறிஸ்துவோட வெளிச்சம்தான்னு. நம்ம பக்கத்துல ஆரியபட்டர் அதுக்கும் அடுத்த நூற்றாண்டுல நிலா சூரிய வெளிச்சத்துலதான் ஒளிருதுன்னு எழுதி வச்சாரு. அவர் பேருல விட்ட நம்ம நாட்டோட முதல் சாட்டிலைட் 1975-ல போச்சு இல்லையா, அத செஞ்சது இதே பீன்யால ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டுங்கள்ல. டீ குடிக்க வெளிய வர்றப்ப இது எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

எங்க யூனிட்ல இன்ஸ்பெக்‌ஷன்ல ஒரு அக்கா இருக்காங்க, பேரு வேண்டாம். கேஜிஎஃப்னு சொல்ற கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பம், அப்பா தங்கச் சுரங்கத்துல பூமிக்கு அடியில வேலை பாத்தவரு, 2001-ல சுரங்கத்த மூடுனதுக்கப்புறம் அந்த ஊர்ல பாதி சனம் மாதிரி இவங்களும் பெங்களூருக்கு ட்ரெயின்ல வந்து போக ஆரம்பிச்சாங்க. விடியறதுக்கு முன்னாடி மாரிக்குப்பம் ட்ரெயின், அப்புறம் மெட்ரோ. சேம்பருக்குள்ள போற ஒவ்வொரு கண்ணாடியும் முதல்ல அவங்க கையில போகணும். அசிட்டோன், ஐசோப்ரொப்பைல், பஞ்சு, எல்லாம் முடிஞ்சதும் மாஸ்க்க இறக்கிட்டு கண்ணாடி மேல மெல்ல ஒரு ஹா விடுவாங்க. சுத்தமா இருந்தா மூச்சு ஒரே சீரா படிஞ்சு ஒரே சீரா ஓரத்துல இருந்து மறையும். எங்கயாவது எண்ணெய்ப் பிசுக்கு, விரல் ரேகை இருந்தா அந்த இடத்துல மட்டும் பனி வேற மாதிரி நிக்கும், வெறுங்கண்ணுக்கு அதுவரைக்கும் ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. அப்படி இருந்தா திரும்ப முதல்ல இருந்து. கோட்டிங் ஆனதும் இருட்டு ரூம்ல பின்னாடி பெரிய லைட்ட வச்சு பாப்பாங்க, தூசி உக்காந்திருந்த இடத்துல எல்லாம் ஊசி ஓட்டை மாதிரி வெளிச்சம் ஒழுகும். ஓட்டை எத்தனை, எந்தப் பக்கம்னு படம் போட்டு ரெஜிஸ்டர்ல எழுதுவாங்க.

அவங்க யார்கிட்டயும் சுவிசேஷக் கைப்பிரதி குடுத்து நான் பாத்ததில்ல. சாப்பாட்டுக்கு முன்னாடி கண்ண மூடுவாங்க, அவ்ளோதான். ஒருநாள் பெரிய ஆர்டர் கண்ணாடி ஒண்ணுல நீளமா ஒரு கீறல். ஒடிசால இருந்து வந்த ஹெல்ப்பர் பையன்தான் தூக்கி வச்சான், அதனால அவன் மேல பழி விழுந்துச்சு, சம்பளத்துல பிடிக்கப் போறோம்னு மேனேஜர் கத்துறாரு, பையனுக்கு பாஷையும் சரியா வராது, தலைய குனிஞ்சு நிக்குறான். நாங்க எல்லாரும் அங்கதான் நின்னோம். அக்கா கை கிளவுஸ கழட்டிட்டு ரெஜிஸ்டர எடுத்துட்டு வந்து, வந்த அன்னைக்கே கீறல் இருந்துச்சுன்னு படத்தோட எழுதின பக்கத்த திறந்து மேஜை மேல வச்சாங்க. "சார், இது வரும்போதே இருந்தது, நான் பாத்தேன், எழுதியிருக்கேன், கஸ்டமருக்கு சொல்லணும்னு அன்னைக்கே உங்ககிட்ட குடுத்தேன்." குரல் கூட ஏறல. மேனேஜருக்கு கோவம் அவங்க மேல திரும்புச்சு, அந்த வருஷம் எல்லாருக்கும் ஏறின சம்பளம் அவங்களுக்கு ஏறல, நாங்க கேட்டதுக்கு பதிலும் வரல. பையன் மட்டும் தப்பிச்சான்.

சாட்சின்னு நாம சபையில எவ்ளோ பேசுறோம். பாத்தத பாத்தபடி எழுதி வச்சு, தேவைப்பட்டப்ப அந்தப் பக்கத்த திறந்து காட்டுறதும் சாட்சிதானே. எங்களுக்கெல்லாம் அந்த நேரத்துல அவங்க முகத்துல ஏதோ தெரிஞ்சுச்சு, அவங்களுக்கு அது தெரியாது, இப்ப கேட்டாலும் என்ன தம்பி பெருசா பேசுறன்னு போயிடுவாங்க. சீனாய் மலையில இருந்து இறங்குன மோசேக்கு தன் முகம் பிரகாசிச்சது தெரியாதுன்னு யாத்திராகமம் 34 சொல்லுது. ஜனங்களுக்குத்தான் தெரிஞ்சுச்சு.

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3-ஓட விக்ரம் லேண்டர் நிலாவுல இறங்குனப்ப எங்க யூனிட்ல வேலைய நிறுத்திட்டு ஒரே போன சுத்தி நின்னோம், கன்ட்ரோல் பண்ணின இஸ்ரோவோட இஸ்ட்ராக் சென்டரும் பீன்யாலயே இருக்கு, திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரு வீரமுத்துவேல், எங்க சந்தோஷத்த கேக்கணுமா. அந்த லேண்டர் மேல நாசா குடுத்த ஒரு சின்ன பொருள் இருக்கு, 5 சென்டிமீட்டர் அகலம், அலுமினியச் சட்டத்துல எட்டு குவார்ட்ஸ் பிரிசம். வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அதுக்கு பேட்டரி வேண்டாம், பராமரிப்பு வேண்டாம். லேண்டர் ரெண்டு வாரத்துல நிலாவோட ராத்திரி குளிருல அடங்கிடுச்சு, ஆனா டிசம்பர்ல நிலாவ சுத்துற நாசாவோட எல்ஆர்ஓ விண்கலம் 100 கிலோமீட்டர் தூரத்துல இருந்து லேசர் அடிச்சப்ப அந்த எட்டு பிரிசம் பதில் குடுத்துச்சு. 1969-ல அப்பல்லோ 11 வச்சுட்டு வந்ததும் இன்னும் பதில் குடுக்குது, மேல தூசி படிஞ்சு எதிர்பாத்ததுல பத்துல ஒரு பங்குக்கு கொறஞ்சிருக்கும்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க, அப்படியும் குடுக்குது.

நிலாவோட மண்ணு வெளிச்சத்த எல்லா பக்கமும் இறைக்குது, யார் வேணா அதுல நடக்கலாம். அந்த பிரிசம் அனுப்புனவருக்கு மட்டும் திருப்பிக் குடுக்குது. விசுவாசிக்கு ரெண்டும் வேணும்னு நான் நம்புறேன். காலையில யாரும் பாக்காத நேரத்துல பாடுற ஒரு கீர்த்தனை அந்த பிரிசம் மாதிரி, அது மேனேஜருக்கும் இல்ல, பக்கத்து டேபிளுக்கும் இல்ல. ரெஜிஸ்டர் திறந்து வச்சது மத்தவங்களுக்கு. முதலாவது இல்லாம ரெண்டாவது வரும்னு எனக்கு தோணல, அக்கா ட்ரெயின்ல விடிகாலையில வேதம் திறந்து வச்சுட்டு வர்றத நான் பாத்திருக்கேன்.

இங்க ஒண்ணு அழுத்திச் சொல்லணும். வானத்து அடையாளம்னு சொன்னதும் சிலர் ராசி மண்டலத்துல சுவிசேஷம் ஒளிஞ்சிருக்கு, கன்னி ராசி மரியாள், சிம்ம ராசி யூதா சிங்கம்னு வீடியோ அனுப்புறாங்க. வேண்டாம்ங்க. "வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது"ன்னு 19-ஆம் சங்கீதம் சொல்றது போதும், வானத்தின் சேனைய பாத்து மயங்காதேன்னு உபாகமம் 4-ல கட்டளையும் இருக்கு. நிலா நமக்கு குறி சொல்ல வேண்டாம், அது எப்படி நிக்குதுன்னு பாத்தா போதும். அரை நிலாவுல பாதி தட்டு தெரியுது, அப்ப பௌர்ணமி ரெண்டு மடங்கு வெளிச்சமா இருக்கணும், ஆனா கிட்டத்தட்ட பத்து மடங்கு. முக்கிய காரணம், அரை நிலாவுல மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து கெடக்கும், நேருக்கு நேர் திரும்புனா நிழல் எல்லாம் பின்னாடி மறைஞ்சிடும். மேடும் பள்ளமும் அப்படியேதான் இருக்கு, ஒரு குழி கூட தூந்து போகல.

மிரர் எதுவும் ஆயுசுக்கும் பளபளன்னு இருக்காது. தூசி, பனி, ஈரம், பெரிய டெலஸ்கோப்புக்கே வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் திரும்ப அலுமினியம் போடுவாங்க. பழசு எங்ககிட்ட வந்தா காப்பர் சல்பேட்டும் ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் கலந்த பச்சைத் தண்ணிய ஊத்துவோம், பழைய படலம் கரைஞ்சு போகும், அடியில கண்ணாடி தேச்ச வளைவு அப்படியே இருக்கும். அந்த வளைவுக்குத்தான் மாசக்கணக்குல உழைப்பு, அதனால மங்கிடுச்சுன்னு யாரும் மிரர தூக்கிப் போட மாட்டாங்க.

ஆனா சபையில நாம போடுறோம். எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, ஒயிட்ஃபீல்டுல சப்போர்ட் வேலை, அமெரிக்கா டைம், சனிக்கிழமை ராத்திரியும் ஷிப்ட். முதல்ல ஆராதனைக்கு லேட்டா வந்தான், அப்புறம் தூங்கிட்டே உக்காந்தான், அப்புறம் வரல. பிரசங்கத்துல பேரு சொல்லாம, ஆனா எல்லாருக்கும் தெரியுற மாதிரி, பணத்துக்காக முதல் அன்ப விட்டவங்கன்னு பேசுனாங்க, அவன் அம்மா முன் வரிசையில உக்காந்திருந்தாங்க. அந்தம்மா முகத்த நான் பாத்தேன். அது சரியில்லன்னு பெரியவங்ககிட்ட போய் சொன்னேன், இங்கயும் சொல்றேன்.

அக்காகிட்ட இத சொன்னப்ப அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, அவனுக்கு என்னைக்கு தம்பி லீவுன்னு. செவ்வாயும் புதனும். இப்ப செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுல ஜெபம் வச்சிருக்கோம், அவன் வர்றான், சில நாள் அவன் அம்மாவும் வர்றாங்க, ஷிப்ட் மாறினா நாங்க கிழமைய மாத்திக்கிறோம்.