மேனேஜர் கடிதம் கேட்டார்கள், தோட்டமே இல்லை

“வீட்டில் பிறந்தவனா? அப்படியென்றால் தோட்ட மேனேஜரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்.” பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரு தம்பியின் பிறப்பைத் தாமதமாகப் பதியப் போனபோது, மலேசியத் தேசியப் பதிவு இலாகாவின் முகப்பில் இருந்தவர் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழைத்தார். எந்த மேனேஜர்? அவன் பிறந்த தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) நின்ற இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள் நிற்கின்றன. நிலம் கைமாறியதில் ஆபீஸ் கோப்புகள் எங்கே போயின என்று ஒருவருக்கும் தெரியாது. தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணியும் இறந்துவிட்டார்.

லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வந்த குடும்பங்கள் இருக்கும் மலிவு விலை அடுக்குமாடியில் நான் மாலை வகுப்பு எடுக்கிறேன். இந்தத் தம்பிக்குப் பதினெட்டு வயது. பிறப்புப் பத்திரம் இல்லாததால், 12 வயதில் எடுக்க வேண்டிய மைகாட் என்ற அடையாள அட்டையும் இல்லை. வங்கிக் கணக்கு, லைசென்ஸ் எதுவும் கிடையாது. கார் கழுவும் கடையில் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறான்.

“புது நிறுவனத்திடம் கேளுங்கள்” என்றும் சொன்னார்கள். வீடு விற்பவர்களுக்கு லயத்துப் பிரசவத்தைப் பற்றி என்ன தெரியும்? இருந்தாலும் போனோம். வரவேற்பில் இருந்த பெண் விலைப்பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

கடைசியில் கைகொடுத்தது தமிழ்ப்பள்ளி. தோட்டம் அழிந்த பிறகும் அதன் பெயரிலேயே ஊருக்குள் நடக்கிறது. பத்திரம் இல்லாமலேயே அன்று இவனைச் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. தலைமையாசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தார். நீல மையில் பிறந்த தேதி, தாயின் பெயர், லயத்து வீட்டு எண். ஓரத்தில் பென்சிலால் ‘பத்திரம் பிறகு’. தடுப்பூசி போட்ட கிளினிக் புத்தகத்தையும் இவன் அம்மா, நான் அக்கா என்று அழைப்பவர், பத்திரமாக வைத்திருந்தார். இந்தப் புத்தகத்தை யாரும் தூக்கிப் போடாதீர்கள்.

அதிலும் ஒரு சிக்கல். அக்காவின் பெயர் புத்தகத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. ஓர் எழுத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள். இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எழுதி முத்திரை வாங்கிய பிறகுதான் பாரத்தையே தொட்டார்கள். போகும் முன்பே எல்லாத் தாள்களிலும் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அக்காவுக்குக் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணம் பதிவாகவில்லை. 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள திருமணச் சட்டத்துக்கு அது போதாது. ஆனால் தாய் குடிமகள் என்றால் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பின்பற்றும். பத்திரத்தில் தகப்பன் பெயரும் வேண்டுமென்றால்தான் அவரும் வந்து கையெழுத்திட வேண்டும். “தகப்பன் இல்லாமல் முடியாது” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள், மேலதிகாரியைக் கேளுங்கள்.

சாட்சிக்கு இளவட்டங்களை அழைத்துப் போவது வீண். எங்களுக்குத் தோட்டத்தில் வேலையாட்களைக் கண்காணித்த பழைய தண்டல் தாத்தா கிடைத்தார். எப்படி நினைவிருக்கிறது என்று அதிகாரி மடக்கினார். “அன்று மழை, பால் வெட்டு இல்லை. மருத்துவச்சியை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்ததே நான்தான்” என்றார் தாத்தா. அதிகாரி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பத்திரம் வந்துவிட்டது, அடுத்து மைகாட். இதே நிலையில் அடுக்குமாடியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தண்டல் தாத்தா நடமாடும்போதே மனுப் போட்டுவிடுங்கள் என்று அவர்களை விரட்டிக்கொண்டிருக்கிறேன்.