கேபினட்டுக்குள் எழுதிய தேதிகள்

தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்கு வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. முதல் இரண்டு மாதம் முதலாளி அண்ணாச்சி என்னை ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே விடவில்லை. கம்ப்யூட்டருக்குள் எல்லாச் சாமானுக்கும் கரண்டு பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ் என்று பேர். கழற்றிப்போட்ட எஸ்.எம்.பி.எஸ் பெட்டிகள் மேஜைக்கு அடியில் குவிந்து கிடக்கும். இரண்டை எடுத்து என் இரண்டு கையிலும் கொடுப்பார். "எது கனம், சொல்லு." இரண்டின் மேலும் 450 வாட் என்றுதான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒன்று கையை இழுக்கும். இன்னொன்று காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். பிறகு லேசான பெட்டியைத் திறந்து காட்டுவார். கரண்டு உள்ளே நுழையும் இடத்தில் 'காயில்' என்கிற கம்பிச் சுருள் இருக்க வேண்டும். அங்கே ஒரு துண்டுக் கம்பியை வளைத்து சால்டர் வைத்திருப்பார்கள். கரண்டைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர் வர வேண்டிய வட்டத்துக்குள் சின்னதாக ஒன்று நிற்கும். சூட்டை இழுத்து வெளியே விடும் ஹீட் சிங்க் தகடு விரலால் வளைக்கிற அளவுக்கு மெலிசு. "விலை எங்க குறைஞ்சிருக்குன்னு பாத்துக்கோ. ஸ்டிக்கர்ல அதை எழுத மாட்டான்," என்பார்.

விலை குறைந்த கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று இன்றைக்கும் வாரத்துக்கு நாலு பேராவது போனில் கேட்கிறார்கள். அவர்களிடம் ஏற்கெனவே இரண்டு கதை இருக்கும். சொந்தக்காரர் ஒருவர் மலிவாக வாங்கினார், பத்து வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதே விலைக்கு வாங்கினார், ஆறே மாதத்தில் அழ வைத்துவிட்டது. இரண்டுமே உண்மைதான். அந்த மாதிரி பெட்டிகள் இரண்டு வகையையும் நான் திறந்து பார்த்திருக்கிறேன். எந்தச் சாமானில் காசை மிச்சம் பிடித்தார்கள், அந்தப் பெட்டி எந்தப் பிளக்கில் சொருகியிருக்கிறது, இந்த இரண்டும்தான் அதன் ஆயுசைத் தீர்மானிக்கின்றன. பிராசஸர் பேரெல்லாம் அப்புறம்.

2005-இல் தயாநிதி மாறன் மத்திய அமைச்சராக இருந்த நேரம், பத்தாயிரம் ரூபாய்க்குள் கம்ப்யூட்டர் என்று எல்லாப் பேப்பரிலும் வந்தது. எச்.சி.எல் நிறுவனம் 9,990 ரூபாய்க்கு லினக்ஸ் போட்டு ஒன்றை இறக்கியது. எங்கள் கடைக்கு வந்தவர்களில் அதை வாங்கியவர்கள் மிகக் குறைவு. ஆனால் 'பத்தாயிரம்' என்கிற எண் எல்லோர் மனதிலும் உட்கார்ந்துவிட்டது. அதுவரை இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து அசெம்பிள் செய்து வாங்கிய ஜனம், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் கேட்க ஆரம்பித்தது. மானிட்டரில் கை வைத்தால் கஸ்டமர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். பிராசஸர் பேரைக் கேட்பார்கள், ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜி.பி என்று கேட்பார்கள். யாருமே கேட்காத சாமான்கள் எஸ்.எம்.பி.எஸ்ஸும், மற்ற எல்லாம் சொருகி நிற்கும் மதர்போர்டும். கம்ப்யூட்டர் சாமான் மொத்தமாகக் கிடைக்கும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஆர்டர் சொல்லும்போது நாங்கள் கையை வைத்ததும் அந்த இரண்டு வரியில்தான்.

அப்படி நான் தனியாக அசெம்பிள் செய்து கொடுத்த முதல் பெட்டி, கோர்ட்டுக்குப் பக்கத்தில் டி.டி.பி சென்டர் வைத்திருந்த ஒரு அக்காவுக்கு. பத்திரம், மனு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் டைப் செய்வார். வளையலை அடகு வைத்துத்தான் பணம் கொண்டுவந்தார் என்று பிறகு தெரிந்தது. பட்ஜெட் இடித்தது. 900 ரூபாய் எஸ்.எம்.பி.எஸ்ஸை எடுத்துவிட்டு 350 ரூபாய் பெட்டியைப் போட்டேன். கையில் எடுத்தபோதே தெரிந்தது, லேசு என்று. தெரிந்தும் போட்டேன்.

எட்டாவது மாதம் ஐப்பசி மழை. போன கரண்டு திரும்பி வந்த நேரத்தில் படார் என்று சத்தம், கருகல் வாசனை. போய்த் திறந்தால் எஸ்.எம்.பி.எஸ் மட்டும் போகவில்லை. போகிற போக்கில் ஹார்ட் டிஸ்க்கின் அடியிலிருந்த பச்சை போர்டையும் எரித்துவிட்டுப் போயிருந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருடைய புத்தகம், முன்னூறு பக்கத்துக்கு மேல் டைப் செய்து முடித்தது, அதற்குள் இருந்தது. "பெட்டி போனா போவட்டும் தம்பி, சாரோட புஸ்தகத்த மட்டும் எடுத்துக் குடுத்துருங்க." அதே மாடல் டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் போர்டைக் கழற்றி இதில் மாட்டிப் பார்த்தேன். சுற்றியது, டிக் டிக் என்று அடித்துக்கொண்டது, நின்றுவிட்டது. நாலு நாள் முயன்றேன். எடுக்க முடியவில்லை.

அக்கா ராத்திரி உட்கார்ந்து உட்கார்ந்து நாலு மாதத்தில் முழுப் புத்தகத்தையும் திரும்ப டைப் செய்து முடித்தார். அந்த நாலு மாதத்தில் ஒருநாள், மட்டமான எஸ்.எம்.பி.எஸ் போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "அப்பமே சொல்லியிருக்கலாம்லா தம்பி. ஐநூறு ரூபாய எப்படியும் பெரட்டியிருப்பேன்."

அந்த வார்த்தை இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். எதில் விலை குறைகிறது என்பதை வாங்குகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். சாமானைக் கையிலும் கொடுப்பேன். இரண்டாவது, எந்தப் பெட்டியைத் திறந்தாலும் சைடு டோரின் உள்பக்கத்தில் மார்க்கரால் தேதியும் மாற்றிய சாமானும் எழுதிவிடுவேன். அடுத்து திறக்கிறவன் யாராக இருந்தாலும் அவனுக்கு அது தெரிய வேண்டும்.

2007-இல் ஒரே நாளில் இரண்டு பெட்டி கொடுத்தேன். ஒரே மதர்போர்டு, ஒரே பிராசஸர், கனமான அதே எஸ்.எம்.பி.எஸ். ஒன்று உடன்குடியில் ஒரு கருப்பட்டிக் கடைக்கு. இன்னொன்று இங்கே ஒரு உப்பு வியாபாரியின் ஆபீசுக்கு. உடன்குடிக்காரர் இரண்டு வருஷம் கூப்பிடவே இல்லை. உப்பு ஆபீசிலிருந்து ஒரே வருஷத்தில் மூன்று தடவை போன். எஸ்.எம்.பி.எஸ், பிறகு மதர்போர்டு, பிறகு மறுபடி எஸ்.எம்.பி.எஸ். எனக்குத் தூக்கமே போய்விட்டது. மட்டமான சாமான் போட்டிருந்தால் காரணம் தெரிந்திருக்கும், நல்லது போட்டும் போகிறதே என்று.

மூன்றாவது தடவை போனபோது அங்கிருந்த கணக்குப்பிள்ளை சாதாரணமாக ஒன்று சொன்னார்: "பொட்டியத் தொட்டா லேசா சுள்ளுனு அடிக்கி. முதல்லேருந்தே அப்படித்தான்." மல்டிமீட்டரை எடுத்து வைத்தேன். கேபினட், அதாவது பெட்டியின் வெளிக்கூடு, அதன் தகட்டில் நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. எர்த் இல்லாத இடத்தில், எஸ்.எம்.பி.எஸ் உள்ளே ஃபில்டருக்கு வைத்திருக்கும் சின்ன கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசிகிற கரண்டு போக வழியில்லாமல் தகட்டிலேயே நிற்கும். 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி அளவு காட்டும். நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸில் அந்த ஃபில்டர் இருப்பதால்தான் அது எர்த்தை எதிர்பார்க்கிறது.

உப்பு ஆபீஸ் முதலாளியிடம் சொன்னேன். எட்டடி ஜி.ஐ. பைப் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு எர்த் குழி எடுத்தார்கள். உப்பு அவர் குடோனிலிருந்தே வந்தது. அதன் பிறகு ஆறு வருஷம் அந்தப் பெட்டி ஓடியது. கடல் காற்று மட்டும் விடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'ராம்' என்கிற மெமரி அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால்தான் டிஸ்ப்ளே வரும். மேஜையை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்தியதில் அதுவும் குறைந்தது. இத்தனை நடந்தும் அவர் ஆட்களிடம் சொன்னது என்னவோ, "அசெம்பிள்டு பெட்டி வாங்காதீங்க" என்றுதான். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு வருஷத்தில் மூன்று தடவை வேலை நின்றவர் வேறு என்ன சொல்வார்?

கெப்பாசிட்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2000-களின் முதல் பாதியில் வந்த மதர்போர்டுகளில் கெப்பாசிட்டர் கெட்டுப்போவது ஒரு தொற்றுநோய் மாதிரி பரவியது. உலகம் முழுக்க, பெரிய கம்பெனிகளின் விலை கூடிய பெட்டிகளிலும்கூட. பிராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். கெட்டுப்போனால் பூரி மாதிரி உப்பும், கீறல் வழியாகப் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருக்கும். காலையில் மூன்று தடவை அமுக்கினால்தான் பெட்டி எழும், மத்தியான வெயிலில் அப்படியே நின்றுவிடும். பத்துப் பதினைந்து ரூபாய்க் கெப்பாசிட்டர் நாலைந்து, 105 டிகிரி தாங்குவது, அரை மணி நேர சால்டரிங், வேலை முடிந்தது. ஆனால் எத்தனையோ பேரிடம் "போர்டு போச்சு" என்று சொல்லி மூவாயிரம் வாங்கியிருக்கிறார்கள். அப்படிக் கழற்றிப்போட்ட நல்ல போர்டுகளைப் பழைய சாமான் கடைகளில் பார்க்கும்போது எனக்கு இப்போதும் கோபம் வரும்.

2012 மின்வெட்டு வருஷத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 600 வி.ஏ யூ.பி.எஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏ.எச் பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஏறவே கரண்டு நிற்கவில்லை. அந்த வருஷம் பேட்டரி மாற்றியே நாள் போனது.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி கட்டக் கடைசி நாள், சைட்டே திறக்கவில்லை, 'பாதுகாப்பு இல்லை' என்று வருகிறது, வைரஸ் புகுந்துவிட்டது, புதுக் கம்ப்யூட்டர் வாங்கப்போகிறோம் என்று பதறினார்கள். போனிலேயே தேதியைப் பார்க்கச் சொன்னேன். பல வருஷம் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சி.ஆர் 2032, முப்பது ரூபாய். தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்தப் பாதுகாப்புச் சான்றிதழையும் நம்பாது. மலிவுப் பெட்டி என்பதாலேயே எல்லாக் குற்றத்தையும் அதன் தலையில் போட்டுவிடுகிறோம்.

2020-இல் பள்ளிக்கூடம் எல்லாம் ஆன்லைனில் நடந்தபோது, லாரி ஓட்டும் ஒரு அண்ணன் பதினைந்தாயிரத்துக்குப் பையனுக்கு ஒரு பெட்டி வாங்கியிருந்தார். 'ஐ7, 16 ஜி.பி' என்று விளம்பரம். திறந்தேன். உள்ளே ஐ7-2600. கோட்டுக்குப் பின்னால் வரும் 2 என்பது இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்தது. போர்டு பார்க்கப் புதுசு, கம்பெனி பேர் இல்லை. அதில் பிராசஸரை மற்றச் சாமான்களோடு இணைக்கும் சிப்செட், எச்61 என்கிற அதே காலத்தது. "ஏமாந்துட்டனா தம்பி?" என்று கேட்டார். முழுசாக ஏமாந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அது உண்மையும் இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்.எஸ்.டி போட்டிருந்தார்கள், வகுப்புக்குத் தாராளமாகப் போதும். 'ஐ7' என்கிற எழுத்துக்கு இரண்டு மூவாயிரம் கூடக் கொடுத்திருக்கிறீர்கள், எஸ்.எம்.பி.எஸ் மட்டும் லேசு, அதை மாற்றிவிடுவோம் என்றேன். மாற்றினோம். பையன் பிளஸ் டூ வரை அதில்தான் படித்தான்.

இப்போது கேட்கிறவர்களுக்கு நான் பெரும்பாலும் பெரிய ஆபீஸ்களிலிருந்து திரும்பி வரும் பழைய பிராண்டட் பெட்டிகளைத்தான் சொல்கிறேன். கட்டுமானம் நேர்த்தி, எஸ்.எம்.பி.எஸ் கனம். ஆனால் அதிலும் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவேன். பல மாடல்களில் எஸ்.எம்.பி.எஸ்ஸின் அளவும் கனெக்டரும் தனி ரகம். போய்விட்டால் பக்கத்துக் கடையில் கிடைக்காது, வரவழைக்க நாலைந்து நாள் ஆகும். போதாததற்கு விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பவற்றை முறையாக ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாலாம் தலைமுறை, ஆறாம் தலைமுறைப் பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்டு வருகிறார்கள். நெட்டும் டைப்பிங்கும் மட்டும் போதும் என்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸுக்கானது, அதை வைத்திருப்பவர்களிடம் அப்படிச் சொல்ல முடிவதில்லை.

போன மாதம் உடன்குடிக்காரர் கூப்பிட்டார். 2007 பெட்டிதான். ஸ்டாக் கணக்கு எழுதும் பழைய புரோகிராம் ஒன்று விண்டோஸ் எக்ஸ்.பி-யில் ஓடுகிறது, நெட் கனெக்‌ஷன் கிடையாது. கருப்பட்டிக் கடை என்பதால் எறும்பு வரும். மேஜையின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தியிருக்கிறார், முதல் நாளிலிருந்தே. ராத்திரி கடை அடைக்கும்போது மெயினைத் தன் கையால் அணைத்து, பெட்டிக்குத் துணி போர்த்துவார்.

"இன்னுமா அண்ணாச்சி இதையே வச்சிருக்கிய?"

"ஓடுதுல்லா?"

புளோயரால் தூசி எடுத்தேன். பிராசஸர் ஃபேனைக் கழற்றிச் சூடு கடத்தும் பேஸ்ட் தடவினேன். போர்டில் ஒரேயொரு கெப்பாசிட்டர் தலை லேசாக எழும்பத் தொடங்கியிருந்தது. விரலால் தடவினால்தான் தெரியும். அதையும் பக்கத்தில் இருந்ததையும் மாற்றினேன். சைடு டோரைத் திருப்பினால் என் கையெழுத்து: 2009 தூசி, 2011 யூ.பி.எஸ் பேட்டரி, 2014 ஹார்ட் டிஸ்க், கீழே இன்னும் ஏழெட்டு வரி. மேலே இருப்பவை மங்கிவிட்டன. இந்தத் தேதியை எழுத ஓரத்தில் இடம் தேடி, தகட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துத்தான் எழுத வேண்டியிருந்தது.